கோடிங் சொல்லிக்கொடுப்பதைத் தொழிலாக்க: அரசுப் பள்ளியா, கல்லூரியா, பயிற்சி மையமா, ஆன்லைனா?

எம்.சி.ஏ., எம்.எஸ்சி., பி.இ. என்று எதையோ முடித்து, கோட் எழுதுவதைவிடச் சொல்லிக்கொடுப்பதுதான் மனதுக்குப் பிடித்திருக்கிறது என்று கண்டுகொண்டவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர். ஐ.டி. கம்பெனியில் நாலைந்து வருடம் இருந்து, புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடம் எடுத்துப் பார்த்த பிறகு இந்த ஆசை வந்தவர்களும் உண்டு. இவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எவ்வளவு கிடைக்கும்?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்?

அரசுப் பள்ளியிலும் கல்லூரியிலும் பதவிக்குச் சம்பளம். பயிற்சி மையத்தில் மணிக்கணக்கு, அல்லது பேட்ச் வசூலில் பங்கு. கம்பெனிகளுக்குப் போய் எடுக்கும் பயிற்சியில் நாள் கணக்கு. குழந்தைகளுக்கான ஆன்லைன் தளங்களில் வகுப்புக் கணக்கு. யூடியூபில் பார்வைக் கணக்கு. இந்தக் கணக்கு மாறினால் கூலியில்லாமல் உழைக்கும் நேரமும் மாறும், எதிரே உட்காரும் மாணவரும் மாறுவார். பெரும்பாலோர் சறுக்குவது கோடிங் தெரியாமல் இல்லை. தனக்கு ஒத்துவராத கணக்கில் மாட்டிக்கொண்டுதான்.

அரசு மேல்நிலைப் பள்ளி

பணியின் பெயர் கணினிப் பயிற்றுநர் நிலை 1. ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் போட்டித் தேர்வு மூலம் எடுக்கிறார்கள். சம்பள விகிதம் 36,900 – 1,16,600 ரூபாய், அதாவது முதுகலை ஆசிரியருக்கு உள்ளதேதான். 2025 ஜனவரியில் இருந்த 55 சதவீத அகவிலைப்படியை வைத்துக் கணக்குப் போட்டால் அடிப்படையும் படியும் சேர்ந்து தொடக்கத்திலேயே 57,195 ரூபாய். வீட்டு வாடகைப்படி இதற்கு மேல். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிப் பணியைத் தவிர மற்ற எந்த வழியிலும் முதல் மாதத்திலிருந்தே இப்படி உறுதியாகக் கைக்கு வராது.

தகுதி என்று பார்த்தால் கணினி சார்ந்த முதுகலைப் பட்டத்தில் 50 சதவீத மதிப்பெண்ணும் பி.எட். படிப்பும் வேண்டும். டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வு 8ஆம் வகுப்பு வரையிலான ஆசிரியர்களுக்கானது, இந்தப் பணிக்குத் தேவையில்லை. பி.எட். இப்போது இரண்டு வருடம். வேலையை விட்டுவிட்டு நேரில் போய்ப் படிக்க வேண்டிய படிப்பு என்பதால் ஐ.டி.யிலிருந்து வருகிறவர்களுக்கு உண்மையான செலவு கல்லூரிக் கட்டணத்தைவிட அந்த இரண்டு வருடச் சம்பள இழப்புதான்.

பலர் கடைசி நேரத்தில் தடுக்கி விழும் இடம் பட்டத்தின் பெயர். எம்.எஸ்சி. சாஃப்ட்வேர் இன்ஜினியரிங், இன்ஃபர்மேஷன் சயின்ஸ் என்று பல்கலைக்கழகங்கள் வைத்த பெயர்கள் ஏராளம். அறிவிக்கையில் கேட்ட பட்டத்துக்கு உங்கள் பட்டம் சமம் என்று இணைத்தன்மை அரசாணை இருந்தால்தான் சான்றிதழ் சரிபார்ப்பைத் தாண்ட முடியும். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு இந்த ஒரு தாளுக்காக அலைகிறவர்கள் இருக்கிறார்கள். பி.எட். சேருவதற்கு முன்பே, உங்கள் பல்கலைக்கழகத்தின் பட்டப் பெயரைச் சொல்லியே வெளிவந்த அரசாணை இருக்கிறதா என்று தேடி, நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வில் 150 வினாக்கள்: பாடத்தில் 110, கற்பித்தல் முறையில் 30, பொது அறிவில் 10. இதோடு தமிழ்த் தகுதித் தாள் 50 மதிப்பெண்ணுக்கு உண்டு. அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். பாட வினாக்கள் முதுகலை மட்டத்தில் இருக்கும்: ஆப்பரேட்டிங் சிஸ்டம், டேட்டா ஸ்ட்ரக்சர், நெட்வொர்க், டிஜிட்டல் லாஜிக். ஐந்து வருடம் ஜாவாவில் மட்டும் வேலை பார்த்தவருக்கு டிஜிட்டல் லாஜிக்கில் வரும் கார்னோ மேப் மறந்தே போயிருக்கும். ஆறு மாதமாவது ஒழுங்காகப் படிக்க வேண்டிய தேர்வு இது.

பெரிய சிக்கல் காத்திருப்பு. 2019இல் 814 இடங்களுக்குத் தனியாகவே தேர்வு நடந்தது. அதற்குப் பிறகு முதுகலை ஆசிரியர் அறிவிக்கையோடு சேர்ந்தே வருகிறது, 2025இல் வந்த மொத்தம் 1,996 இடங்களில் கணினிக்கு ஒதுக்கியது மிகச் சிறிய பங்குதான். ஆகவே தேர்வை மட்டுமே நம்பி வேலையை விட்டுவிட்டு உட்காருவது சரியில்லை. படித்துக்கொண்டே வேறு ஏதாவது ஒரு வழியில் வகுப்பெடுத்துக்கொண்டிருப்பதுதான் புத்திசாலித்தனம்.

உள்ளே போன பிறகு வேலை எப்படி இருக்கும்? 11ஆம் வகுப்புக் கணினி அறிவியலில் சி++. 12இல் பைத்தானும் எஸ்.க்யூ.எல்.லும். கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் ஹெச்.டி.எம்.எல்., பி.ஹெச்.பி., நெட்வொர்க். கருத்தியல் 70, செய்முறை 20, அக மதிப்பீடு 10. பாடநூலில் ஃபங்ஷன் செயற்கூறு என்றும், லூப் மடக்கு என்றும், அரே அணி என்றும் வரும். தமிழ்வழிப் பிள்ளைகள் தேர்வில் இப்படித்தான் எழுதுவார்கள். ஆகவே இரண்டு பெயரையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவதை முதல் நாளிலேயே பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

ஆய்வகத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 12ஆம் வகுப்பு நூலின் 14ஆவது பாடம், பைத்தானிலிருந்து சி++ நிரலைக் கம்பைல் செய்து ஓட்டச் சொல்கிறது. புத்தகத்தில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் அடித்தாலும் பல கணினிகளில் ஓடாது. காரணம் நிரலில் இருக்காது: மிங்ஜிடபிள்யூ கம்பைலரின் 'பின்' ஃபோல்டரை விண்டோஸின் 'பாத்' பட்டியலில் சேர்த்திருக்க மாட்டார்கள். கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஜி++ என்று அடித்து, கட்டளையை விண்டோஸ் அடையாளம் கண்டுகொள்கிறதா என்று ஒவ்வொரு கணினியிலும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். 16ஆவது பாடத்துக்கு வரைபடம் வரையும் மேட்பிளாட்லிப் லைப்ரரி வேண்டும், ஆய்வகத்தில் இணையம் இருக்காது. அதே பைத்தான் பதிப்பு உள்ள வேறொரு கணினியில் பிப் டவுன்லோட் கட்டளையால் கோப்புகளை இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து நிறுவ வேண்டும். பதிப்பு ஒரு புள்ளி மாறினாலும் பொருந்தாமல் போகலாம். செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம் இதையெல்லாம் தொடங்குகிற பள்ளியில் பிள்ளைகள் நிரலை மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போவார்கள்.

இதைச் சொல்வது பயமுறுத்த இல்லை. வீட்டில் கணினியே இல்லாத பிள்ளைக்கு, முதல் நிரலைத் தானே அடித்து ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு கிடைக்கும் ஒரே இடம் பெரும்பாலும் இந்த ஆய்வகம்தான். நல்ல கோடிங் ஆசிரியர் ஒருவர் எங்கே போனால் அதிகம் பயன்படுவார் என்று கேட்டால் எங்கள் பதில் தயக்கமின்றி இதுதான். ஆனால் பாடத்திட்டத்தை மாற்றும் உரிமை உங்களுக்குக் கிடையாது. தேர்தல் பணி, கணக்கெடுப்பு, எமிஸ் (பள்ளி விவரங்களைப் பதியும் அரசுத் தளம்) பதிவேற்றம் என்று கணினி தெரிந்தவர் தலையில் விழும் வேலைகளும் சேர்ந்தே வரும்.

தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் காத்திருப்பு இல்லை, சம்பளம் பள்ளிக்குப் பள்ளி வேறு. அங்கே 083 என்ற குறியீட்டில் உள்ள கணினி அறிவியலில் 30 மதிப்பெண் செய்முறை: ஆய்வகத் தேர்வு 12, பதிவேடு 7, புராஜெக்ட் 8, வாய்மொழி 3. இரண்டு வருடம் இதைச் சரியாக எடுத்தவருக்கு வீட்டு டியூஷன் தானாக வரும். வேலை ஒப்பந்தத்தில் அதற்குத் தடை இருக்கிறதா என்று மட்டும் முன்னாலேயே படித்துப் பாருங்கள்.

கல்லூரி

அரசுக் கல்லூரியிலும் அரசு உதவி பெறும் கல்லூரியிலும் உதவிப் பேராசிரியர் பணி என்றால் யு.ஜி.சி. விகிதத்தில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. கலை அறிவியல் கல்லூரிக்கு நெட் (தேசிய அளவிலான தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநில அளவிலானது) தேர்ச்சி, இல்லையென்றால் பிஹெச்.டி. நெட் தேர்வில் கணினிக்குப் பாட எண் 87. முதல் தாளில் 50 வினா, இரண்டாம் தாளில் 100 வினா, மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. பொறியியல் கல்லூரிக்கு நெட் கேட்பதில்லை. அங்கே பி.இ., எம்.இ. இரண்டும் வேண்டும், ஒன்றிலாவது முதல் வகுப்பு.

தாளில் இருக்கும் இந்தச் சம்பளத்துக்கும் சுயநிதிக் கல்லூரிகள் நடைமுறையில் கொடுப்பதற்கும் இடையே பெரிய பள்ளம் இருக்கிறது. நெட் இல்லாமல், எம்.சி.ஏ. மட்டும் வைத்துக்கொண்டு சுயநிதிப் பிரிவில் சேருகிறவர் இந்த விகிதத்தில் பாதிகூட எதிர்பார்க்க முடியாது. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு என்பது யு.ஜி.சி. வகுத்தது. அதற்கு வெளியே நாக், என்.பி.ஏ. எனும் தர மதிப்பீட்டு அமைப்புகளுக்கான கோப்புகள், பாட விளைவுகளைப் பட்ட விளைவுகளோடு பொருத்தும் அட்டவணைகள், சேர்க்கைக் காலத்தில் பள்ளி பள்ளியாகப் போவது என்று நாள் ஓடிவிடும். கோடிங் சொல்லிக்கொடுக்க வந்தவர், வாரத்தில் தன் கையால் கோட் எழுதும் நேரம் சுருங்கிக்கொண்டே போவதைப் பார்ப்பார். ஆராய்ச்சியில் ஆர்வமும் பிஹெச்.டி. முடிக்கும் பொறுமையும் இருக்கிறவருக்கு மட்டுமே இந்த வழியைச் சொல்வோம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் கல்லூரிகள் இருக்கின்றன. சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பித் தருவதுதான் முறை. கொடுத்துவிட்டால், படிப்பாண்டின் நடுவில் நல்ல வாய்ப்பு வந்தாலும் வெளியே வர முடியாமல் நிற்பீர்கள்.

பயிற்சி மையம்

சென்னையில் வேளச்சேரி, தி.நகர், ஓ.எம்.ஆர்., கோவையில் காந்திபுரம் என்று சாஃப்ட்வேர் பயிற்சி மையங்கள் கூட்டமாக இருக்கும் இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. டிகிரிச் சான்றிதழைவிட டெமோ வகுப்பும் வேலை அனுபவமும்தான் இங்கே பேசும். ஐ.டி.யிலிருந்து வருகிறவர் அடுத்த வாரமே தொடங்கலாம், வார இறுதியில் மட்டும் எடுக்கலாம். அதனால்தான் பெரும்பாலோர் இதில் கால்வைக்கிறார்கள்.

கூலியை எப்படிக் கணக்குப் போட வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி. எண்கள் கற்பனை, கணக்கு முறைதான் முக்கியம். சனி, ஞாயிறு இரண்டிரண்டு மணி நேரம், பத்து வாரம்: 40 மணி நேரம். 15 பேர், ஆளுக்கு 15,000 ரூபாய் என்றால் வசூல் 2,25,000. உங்களுக்கு 30 சதவீதம் என்றால் 67,500. நாற்பதால் வகுத்து, மணிக்கு ஏறக்குறைய 1,700 என்று சந்தோஷப்படத் தோன்றும்.

முதல் பேட்சுக்கு ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரமாவது தயாரிப்பு வேண்டும்: அது 80 மணி. வாட்ஸ்ஆப்பில் சந்தேகம், லேப்டாப்பில் ஓடாத இன்ஸ்டலேஷன், தவறிய வகுப்பைத் திரும்ப எடுப்பது என்று இன்னொரு 20 மணி. மொத்தம் 140. இப்போது மணிக்கு 482 ரூபாய். அதே பாடத்தை இரண்டாவது முறை எடுக்கும்போது தயாரிப்பு 20 மணியாகக் குறைந்தால் மணிக்கு 844. ஆகவே பயிற்சி மையத்தில் பணம் வருவது அதே பாடத்தை மூன்று, நான்கு பேட்ச் தொடர்ந்து எடுப்பதில்தான். "இந்த மாதம் பைத்தான், அடுத்த மாதம் ரியாக்ட், அதற்கடுத்து டெவ்ஆப்ஸ்" என்று மையம் இழுத்துக்கொண்டே போனால் நீங்கள் எப்போதும் முதல் பேட்ச் விலையிலேயே உழைத்துக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்தது, பங்கு எதன் மேல்? கட்டணம் தவணையில் வரும். பதினைந்தில் ஐந்து பேர் பாதிக் கட்டணத்தோடு நின்றுவிட்டால் வசூல் 1,87,500, உங்கள் பங்கு 56,250. வகுப்பு நேரம் குறையாது. ஆகவே "சேர்ந்தவர் எண்ணிக்கை மீதா, வசூலான தொகை மீதா, எந்தத் தேதியில்?" என்ற மூன்றையும் மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்ட பிறகே முதல் வகுப்பு எடுங்கள். வாய்வார்த்தையை நம்பாதீர்கள். வசூல் யார் கையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாத நிலையில் மணிக்கூலியே மேல்.

இன்னொன்று மனசாட்சி சம்பந்தப்பட்டது. "100 சதவீதம் பிளேஸ்மென்ட்" என்று மையம் விளம்பரம் போடும், மாணவரின் எதிரே நிற்பது நீங்கள். கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய குடும்பத்துப் பிள்ளை ஆறாவது வாரத்தில் உங்களிடம்தான் வந்து கேட்பான். அந்தப் பலகை தொங்கும் இடத்தில் வேலை பார்க்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பிற்பாடு நேரடியாக உங்களிடம் படிக்க வருகிறவர்கள் உங்கள் பெயரை நம்பித்தான் வருவார்கள், அதை இங்கே கரைத்துவிடக்கூடாது.

கம்பெனிப் பயிற்சி, நான் முதல்வன்

ஐ.டி. கம்பெனிகள் கேம்பஸில் எடுத்த புதியவர்களுக்கு ஜாவா, எஸ்.க்யூ.எல்., ஸ்பிரிங் பூட் என்று வாரக்கணக்கில் பயிற்சி கொடுக்கின்றன. பயிற்சியாளரை நேரடியாக எடுப்பது குறைவு. நடுவில் பயிற்சியாளரைப் பிடித்துத் தரும் வெண்டர் ஒருவர் இருப்பார். கைக்கு வரும் தொகையில் நாள் கணக்கில் இதுதான் உச்சம், ஆனால் வருடம் முழுக்க வேலை இருக்காது.

பணம் உடனே வராது. பயிற்சி முடிந்து இன்வாய்ஸ் கொடுத்து 45, 60 நாள் ஆவது சகஜம். வரும்போதும் 10 சதவீதம் வருமான வரிப் பிடித்தம் போகத்தான் வரும், அதைக் கணக்குத் தாக்கலில் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்பப் பெறலாம். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொண்டால், சிறு நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்தப் பதிவு எண்ணை இன்வாய்ஸிலேயே போடுங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம், வரி 18 சதவீதம். எப்படியானாலும் மூன்று மாதக் குடும்பச் செலவைக் கையில் வைத்துக்கொள்ளாமல் இந்த வழியில் முழுநேரமாக இறங்கக்கூடாது.

வகுப்பில் கெடுவது பெரும்பாலும் லேப்தான். கம்பெனி லேப்டாப்பில் எதையும் நிறுவ அனுமதி இருக்காது, ஃபயர்வால் லைப்ரரிகளை இறக்கும் பிப்பையும் மேவனையும் தடுக்கும். முதல் நாள் காலை பத்து மணிக்கு இது தெரியவந்தால் அன்றைய ஃபீட்பேக் போய்விடும். பயிற்சிக்கு ஒரு வாரம் முன்பே, எந்தப் பதிப்பு, எந்தெந்த லைப்ரரி, எவ்வளவு நினைவகம் என்று ஒரு பக்கத் தாள் அனுப்பி, அவர்கள் கணினி ஒன்றில் நீங்கள் கொடுக்கும் சோதனை நிரலை ஓட்டிய ஸ்கிரீன்ஷாட்டைக் கேட்டு வாங்குங்கள். வராவிட்டால் கிளவுட் லேப் கேளுங்கள். ரத்து செய்தால் எவ்வளவு தர வேண்டும் என்பதும் பர்ச்சேஸ் ஆர்டரில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒதுக்கி வைத்த ஐந்து நாளும் வீண்.

2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரிக்குள்ளேயே இந்த வகைப் பயிற்சியைக் கொண்டுவந்துவிட்டது. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தோடு சேர்ந்த நிறுவனங்கள் பயிற்சியாளர்களை அனுப்புகின்றன. சம்பளம் கம்பெனிப் பயிற்சி அளவுக்கு இராது. ஆனால் புதியவருக்கு இதைவிட நல்ல பயிற்சிக்களம் கிடையாது. அறுபது பேர், பலர் தானாக விரும்பித் தேர்ந்தெடுக்காத பாடம், ஆங்கிலத்தில் பேசினால் பாதிப் பேரின் முகம் வாடிவிடும். இந்த வகுப்பைத் தமிழில் விளக்கி, ஆங்கிலத்தில் எழுதவைத்து, கடைசி பெஞ்ச் வரை கோட் ஓடவைத்துவிட்டால் பிறகு எந்த வகுப்பும் உங்களுக்குச் சிரமமில்லை.

குழந்தைகளுக்கு ஆன்லைனில்

2020 தேசியக் கல்விக் கொள்கை நடுநிலை வகுப்புகளிலேயே கோடிங் வேண்டும் என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் குழந்தைகளுக்குக் கோடிங் சொல்லிக்கொடுக்கும் ஒயிட்ஹேட் ஜூனியர் தளத்தை, ஆன்லைன் கல்வி நிறுவனமான பைஜூஸ் 30 கோடி டாலருக்கு வாங்கியது. வீட்டிலிருந்தபடி வகுப்பெடுக்கப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த காலம் அது. 2024 ஜூலையில் பைஜூஸ் திவால் நடவடிக்கைக்குள் போனது. ஒரே தளத்தை நம்பி வருமானத்தை அமைத்துக்கொள்ளக்கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தளத்தில் சேருவதற்கு முன் மூன்று கேள்வி: டெமோ வகுப்புக்குப் பணம் உண்டா, குழந்தை வராவிட்டால் அந்த நேரத்துக்குக் கூலி உண்டா, பெற்றோர் பணம் கட்டவில்லை என்றால் உங்கள் மதிப்பீடு குறையுமா? மூன்றுக்கும் சாதகமான பதில் இல்லையென்றால் நீங்கள் ஆசிரியராக அல்ல, விற்பனையாளராகத்தான் எடுக்கப்படுகிறீர்கள்.

சொந்தமாக எடுப்பதாக இருந்தால் வெளிநாட்டுத் தமிழ்க் குடும்பங்கள் நல்ல வாய்ப்பு, நேரத்தை முதலில் பாருங்கள். சிங்கப்பூரில் மாலை 5 மணி நமக்கு மதியம் 2.30. கலிஃபோர்னியாவில் மாலை 5 நமக்குக் கோடையில் விடிகாலை 5.30, குளிர்காலத்தில் 6.30. நியூயார்க்கில் மாலை 6 கோடையில் நமக்கு 3.30, அதைத் தவிர்த்துவிடுங்கள். மார்ச்சிலும் நவம்பரிலும் அமெரிக்கக் கடிகாரம் மாறும் வாரத்தில் பாதிப் பேர் வகுப்பைத் தவறவிடுவார்கள், முந்தைய வாரமே செய்தி அனுப்பிவிடுங்கள். ஒன்பது வயதுக்குக் கீழே, கட்டங்களை இழுத்துப் பொருத்தும் ஸ்கிராட்ச் போதும். நாற்பது நிமிடத்துக்கு மேல் இழுக்கக்கூடாது. பெற்றோர் பைத்தான் கேட்பார்கள், ஆனால் குழந்தைக்குத் தட்டச்சே வராது.

யூடியூப், பதிவுசெய்த பாடங்கள்

விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரரும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அதன் பிறகும் தமிழ்க் கோடிங் வீடியோவின் விளம்பர வருமானத்தில் குடும்பம் நடத்துவது அரிது. யூடெமியில், உங்கள் இணைப்பு வழியாக வந்தவர் வாங்கினால் 97 சதவீதம், தளமே கொண்டுவந்தால் 37 சதவீதம். அதாவது ஏற்கெனவே மாணவர் கூட்டம் இருப்பவருக்குத்தான் லாபம். தமிழில் கூவி (ஐ.ஐ.டி. மெட்ராஸில் வளர்ந்தது), ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் என்று முன்பே நிறைய இருக்கிறது. ஆகவே இதை வருமானமாகப் பார்க்காமல், உங்கள் வகுப்பு எப்படி இருக்கும் என்று அடுத்தவர் பார்த்துக்கொள்ளும் இடமாக வைத்துக்கொள்ளுங்கள். பத்து நல்ல வீடியோ போதும்.

எங்கே போனாலும் டெமோ

எல்லா வழியிலும் உங்களைத் தீர்மானிப்பது இருபது நிமிட டெமோ. "பைத்தான் அறிமுகம்" என்று தொடங்கி வரலாறு சொல்கிறவர்கள் அங்கேயே தோற்றுவிடுகிறார்கள். சின்னதாக ஒன்றை எடுங்கள். பிரிண்ட்டுக்கும் ரிட்டர்னுக்கும் உள்ள வேறுபாடு மிகப் பொருத்தம்.

இரண்டு எண்களைக் கூட்டும் ஃபங்ஷனை எழுதச் சொன்னால் பாதிப் பேர் விடையை உள்ளேயே பிரிண்ட் செய்வார்கள். 3, 4 கொடுத்தால் திரையில் 7 வரும், சரியாகிவிட்டது என்று கையை எடுத்துவிடுவார்கள். அந்த ஃபங்ஷன் தருவதை ஒரு மாறியில் வாங்கி இரண்டால் பெருக்கச் சொல்லுங்கள். ஓட்டுவதற்கு முன், என்ன வரும் என்று ஒவ்வொருவரும் தாளில் எழுத வேண்டும். 14 என்று எழுதுவார்கள். திரையில் 7 வரும், அதன் கீழே, 'நன்டைப்'பை (மதிப்பு எதுவும் இல்லாததை) பெருக்க முடியாது என்று டைப் எரர். அந்த நிமிடம் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். இப்போது பிரிண்ட்டை எடுத்துவிட்டு ரிட்டர்ன் போடுங்கள். இந்த முறை 7 திரையில் வராது, 14ஐப் பார்க்க வெளியே ஒரு பிரிண்ட் வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள்.

முதலில் ஊகிக்கவைத்து, ஓட்டி, ஆராய்ந்து, மாற்றி, கடைசியில் சொந்தமாக எழுதவைக்கும் இந்த வரிசையை இங்கிலாந்தின் கணினிக் கல்வி ஆய்வாளர் சூ சென்டன்ஸ் 'பிரிம்' என்ற பெயரில் முறைப்படுத்தினார். பள்ளியிலும் கம்பெனியிலும் ஒன்றுபோல் வேலை செய்கிறது. ஏஐ கருவிகள் வந்த பிறகு இதன் தேவை கூடியிருக்கிறது: கோட் எழுதித் தர ஆள் இருக்கிறது, அது என்ன செய்யும் என்று ஓட்டாமலே சொல்லும் ஆள் குறைவு. மதிப்பெண்ணையும் இனி எழுதிய கோடுக்குப் பாதி, வாய்மொழி விளக்கத்துக்குப் பாதி என்று பிரித்துவிடுங்கள்.

எழுத்து அளவு 20க்குக் குறையக்கூடாது. புரொஜெக்டரில் கறுப்புப் பின்னணி கடைசி வரிசைக்குத் தெரியாது. தயாராக வைத்த கோடை ஒட்டாமல் கையால் அடியுங்கள். அடிக்கும் வேகம்தான் அவர்கள் புரிந்துகொள்ளும் வேகம்.

யாருக்கு எது

பி.எட். ஏற்கெனவே முடித்திருந்தால் தேர்வு வாரியம்தான் இலக்கு. அதுவரை சி.பி.எஸ்.இ. பள்ளியில் இருங்கள், பாடம் கையில் இருக்கும். ஐ.டி.யில் நான்கு வருடத்துக்கு மேல் இருந்தவர் வேலையை விடாமல் வார இறுதிப் பேட்ச் ஒன்றை மூன்று முறை எடுங்கள், பிறகு வெண்டர் வழியாகக் கம்பெனிப் பயிற்சி. பி.எட். பற்றி அப்போது யோசிக்கலாம். அனுபவமே இல்லாத புதிய பட்டதாரி நேராகப் பயிற்சியாளர் ஆவதை நாங்கள் ஊக்குவிக்க மாட்டோம். இரண்டு வருடமாவது உண்மையான புராஜெக்டில் இருந்து, அடுத்தவர் எழுதிய கோடைப் படித்துத் திருத்திப் பழகிய பிறகு வாருங்கள். அந்த அனுபவம் இல்லாதவர் பிழை வந்தால் மாணவரோடு சேர்ந்து தவிப்பார். குழந்தை வளர்ப்புக்காக வேலையை விட்டவருக்குத் தளத்தில் ஆறு மாதம், அதற்குள் நேரடி மாணவர் எட்டுப் பேர் சேர்ந்துவிட்டால் தளத்தை விட்டுவிடலாம்.

முடிவெடுக்கும் முன் இந்த வாரமே செய்யக்கூடியது: பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவர்கள் மூன்று பேரை உட்காரவைத்து மேலே சொன்ன பிரிண்ட், ரிட்டர்ன் பாடத்தை எடுங்கள். ஃபோனில் பதிவு செய்யுங்கள். திரும்பக் கேட்கும்போது மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை நிமிடம் நீங்களே பேசினீர்கள், கேள்வி கேட்ட பிறகு எத்தனை விநாடி காத்திருந்தீர்கள், அவர்களில் எத்தனை பேர் தங்கள் கையால் கோட் அடித்தார்கள். இருபதில் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் உங்கள் குரலே கேட்டால், அடுத்த வாரம் அதே பாடத்தை வேறு மூன்று பேருக்கு எடுங்கள்.